இரு கால் வீக்கமும் ஒரு கால் வீக்கமும்

மெலிந்த உடம்போடு கடைக்குத் திரும்பிய நாளிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள், "என்னாச்சு சேவியரு, ஆளே பாதியாயிட்ட?" என்று. ஒருவரிடம் மஞ்சள்காமாலை என்றேன். இன்னொருவரிடம் டைபாய்டு என்றேன். இரண்டும் பொய். உண்மையைச் சொன்னால் அடுத்து ஒரு கேள்வி வரும், அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற பயத்தில் சொன்ன பொய். இங்கே எழுதும்போது எதிரில் யாரும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செம்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். பார்மசி டிப்ளமா முடித்துவிட்டு இருபத்தி நாலு வயதில் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றேன். இப்போது நாற்பத்தொன்பது. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். பூப் பறிக்கிறவர்கள், தேங்காய் உரிக்கிறவர்கள், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர்கள். டாக்டர் சீட்டு எதுவும் இருக்காது. "கைகால் வலிக்கு ஒரு செட்டு குடுப்பா" என்பார்கள். ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு சத்து மாத்திரை. காகித உறையில் போட்டுக் கொடுப்பேன். அதுதான் செட்டு. வாங்கிப் போனவர்கள் மறுவாரம் வந்து "நல்லா கேட்டுச்சு" என்பார்கள். சிலர் என்னை டாக்டர் தம்பி என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடியே வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். பிறகு சாயந்தரமும் ஒன்று. பெட்டி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. என் மனைவி ஜெயராணிக்குக்கூடத் தெரியாது. மறைத்தேன் என்றில்லை, அது சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

கால் வீங்கியதை முதலில் செருப்பில்தான் கண்டேன். கழற்றினால் வார் பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. இரண்டு கணுக்காலும் ஒன்றுபோல உப்பியிருந்தன. காலையில் வற்றிவிடும், சாயந்தரம் மறுபடி ஏறும். நாளெல்லாம் நிற்கிறவனுக்கு நீர் இறங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நாளில் காலையிலும் வற்றவில்லை. அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. நீர் பிரிக்கிற மாத்திரையை நானே எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் கால் வடிந்தது, மூன்றாம் நாள் முழங்கால் வரைக்கும் ஏறியது. கண் இமை தடித்தது. சிறுநீர் குறைந்து, சோப்பு கரைத்ததுபோல நுரைத்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது.

அந்த நிலைமையில் நின்றுகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை பேச்சியக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். பக்கத்து ஊரில் அரை ஏக்கரில் மல்லிகை போட்டிருப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தது கரூர்ப் பக்கம். வரப்பில் சறுக்கி விழுந்து இடது கால் எலும்பில் கீறல் விட்டு, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தவர். கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"ஏப்பா, கட்டு பிரிச்சும் இந்தக் காலு மட்டும் இம்புட்டு வீங்கிக் கெடக்கே. கெண்டைக்கால்ல சுரீர் சுரீர்ங்குது."

கவுண்டர் மேல் எட்டிப் பார்த்தேன். இடது கால் வலது காலைவிட ஒன்றரைப் பங்கு இருந்தது. தோல் பளபளவென்றிருந்தது. தொட்டுப் பார்க்கவில்லை.

"அசையாம கெடந்த காலுதானக்கா, ரத்த ஓட்டம் வரணும். இந்தத் தைலத்தப் போட்டு நல்லா அழுத்தித் தேச்சு விடுங்க" என்றேன். ஐந்து நாளைக்கு வலி மாத்திரையும் கொடுத்தேன்.

"எம்புட்டு நேரம் தேய்க்க?"

"செத்த நேரம் தேய்ங்க. காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா."

சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பும்போது செருப்பு காலில் ஏறவில்லை. ஜெயராணி பார்த்துவிட்டாள். அவள் அங்கன்வாடிப் பணியாளர். கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலையில் ஒன்று. "உக்காந்து காலை நீட்டுங்க" என்றாள். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தினாள். விரலை எடுத்ததும் அங்கே ஒரு குழி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அது நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிரம்பவில்லை.

கோயிலுக்குப் போகவில்லை. என்னை நேராக அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய்ப் பூட்டைத் திறந்து தாய்மார்களுக்கான எடை மெஷினில் நிற்கச் சொன்னாள். போன மாதம் அந்த மெஷின் புதிதாக வந்தபோது சரியாகக் காட்டுகிறதா என்று என்னைத்தான் நிறுத்திப் பார்த்திருந்தாள். அப்போது அறுபத்தெட்டு. இப்போது எழுபத்தைந்து.

"சோறே எறங்கலங்கிறீங்க. ஏழு கிலோ எங்கருந்துங்க வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியும். அத்தனையும் தண்ணீர். வெளியே போக வேண்டிய நீர் உடம்பிலேயே நின்றுவிட்டது. மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியாததா?

"ஒரு கர்ப்பிணிக்கு இப்படி இருந்தா அன்னைக்கே வண்டி ஏத்தி விட்டுருவேன். உங்கள வீட்டுல வச்சுக்கிட்டுப் பாக்காம இருந்துட்டேனே" என்று அவள் அழுதாள்.

திங்கட்கிழமை திண்டுக்கல்லில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓபி வரிசை படி வரைக்கும் நின்றது. மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். இருதயத்துக்கு ஈசிஜி, எக்கோ. வயிற்றுக்கு ஸ்கேன். இரண்டு காலும் வீங்கினால் இருதயமா, ஈரலா, கிட்னியா என்று மூன்றையும் பார்ப்பார்கள் என்று டெக்னீஷியன் சொன்னார். ஒவ்வொரு அறை வாசலிலும் ஜெயராணி என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலில் போட முடியாதே.

இருதயம் சரியாக இருந்தது. ஈரலும். கிரியாட்டினின் ஐந்தேகால் என்று வந்தது. தசைகள் வேலை செய்வதால் உண்டாகிற ஒரு கழிவு அது. கிட்னி அதை வடிகட்டித் தள்ளிவிடும், தள்ள முடியாதபோது ரத்தத்தில் சேரும். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய எண். சிறுநீரில் புரதமும் போயிருந்தது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அந்தப் புரதம்தான். அது ஒழுகிப் போனால் நீர் குழாயைவிட்டுக் கசிந்து, தாழ்ந்த இடமான காலில் போய்த் தங்கும். நுரைக்குக் காரணமும் அதுதான்.

கிட்னி டாக்டரம்மா பழனிப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சின்ன வயது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"ஏனுங்க, வலி மாத்திரை ஏதாச்சும் சாப்படறீங்களா?"

"எப்பவாச்சும் மேடம்" என்றேன்.

என்ன வேலை என்று கேட்டார். மெடிக்கல் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். அன்றே வார்டில் சேர்த்தார்கள்.

ஊசி மருந்தில் நீர் பிரிய வைத்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. ஜெயராணி ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, மணிக்கொரு தடவை ஒரு வாய் கொடுத்தாள். போகிற சிறுநீரை அளந்து நோட்டில் எழுதினாள். உப்பில்லாத கஞ்சி வந்தது. எனக்கு இறங்கவில்லை. வெளியே போய் ஏதாவது சாப்பிட்டு வா என்றால் கேட்காமல், அதே கஞ்சியை அவளும் ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து குடித்தாள். முகத்தைச் சுளிக்கவே இல்லை. அவள் குடிப்பதைப் பார்த்து நானும் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை எண் ஆறைத் தொட்டது. இன்னும் ஏறினால் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். டயாலிசிஸ் என்றால், கிட்னி செய்ய வேண்டிய வேலையை ஒரு மெஷின் செய்வது. ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடும். பக்கத்துக் கட்டடத்தில் வாரம் மூன்று நாள் அதற்காக வந்து போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வயசில் நாலைந்து பேர் இருந்தார்கள். என் கடையில் யார் யார் எத்தனை வருடமாகச் செட்டு வாங்குகிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். முகங்கள் வந்துகொண்டே இருந்தன.

புதன்கிழமை காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். கூட மாணவர்கள் ஏழெட்டுப் பேர். என் காலை அழுத்திக் குழியைக் காட்டி அவர்களுக்குச் சொன்னார்.

"ரெண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினா உடம்புக்குள்ள காரணத்தைத் தேடுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா அந்தக் காலுலயே தேடுங்க. கெண்டைக்கால் வலிக்குதா, சூடா இருக்குதா, கொஞ்ச நாள் முன்னாடி ஆபரேஷனோ மாவுக்கட்டோ ஆகி அசையாமப் படுத்திருந்தாங்களான்னு கேளுங்க. ஆமான்னா, உள்ள ரத்தம் கட்டிருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது. தேச்சா கட்டி ஒடஞ்சு நுரையீரலுக்குப் போயிரும். ஆள் நின்ன எடத்துல போயிருவாங்க."

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்கள். பேச்சியக்காவின் பளபளத்த கால் கண்ணுக்குள் வந்து நின்றது. சனிக்கிழமை, ஞாயிறு, திங்கள், செவ்வாய். காலையில் ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா.

"மேடம்!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் வந்து நின்று கேட்டார்.

"தைலத்தோட மாத்திரையும் குடுத்தீங்களா? என்ன மாத்திரை?"

"டைக்ளோஃபினாக் மேடம்."

"நீங்க சாப்பிட்டதும் அதுதானுங்களா?"

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. "ஆமா மேடம். தெனம் ரெண்டு. ரெண்டு வருஷமா."

ஜெயராணி பக்கம் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை. "உங்க விஷயத்தை அப்பறம் பேசலாம். மொதல்ல அந்தம்மாவை இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நடக்க விடாதீங்க" என்றார்.

பேச்சியக்காவின் போன் நம்பர் என்னிடம் இல்லை. கடை முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சேவியரு, நீ முதல்ல உன் உடம்பப் பாரு. நாமளா போயி தப்பா மருந்து குடுத்துட்டோம்னு சொன்னா நாளைக்குக் கடை என்னாகும்? ஒண்ணும் ஆயிருக்காது, விடு" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எழுந்து நானே போகப் பார்த்தேன். கையில் ஊசி, இரண்டடி வைப்பதற்குள் மூச்சு திணறியது. ஜெயராணி என்னைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். "கோட்டுக்கு மேல குடிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செம்பட்டிக்கு பஸ், அங்கிருந்து பேச்சியக்கா ஊருக்கு ஆட்டோ. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தேன். வாழ்க்கையில் எவ்வளவோ ஜெபம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. என் கிட்னியைப் பற்றி அந்த மூன்று மணி நேரம் நான் நினைக்கவே இல்லை.

போன் வந்தபோது அவள் மூச்சிரைக்கப் பேசினாள். "வீட்டுல இல்லங்க. அந்தக் கால வச்சுக்கிட்டே தோட்டத்துக்குப் போயிருக்கு. வரப்புல உக்காந்திருக்கு. நெஞ்ச அடைக்குதுங்குது, பேசவே முடியல. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன்."

"நடக்க விடாத. காலத் தேய்க்காத" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் டாக்டரம்மா சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எது அவருடையது என்று தெரியாது. சாயந்தரம் ஜெயராணி வார்டுக்குள் வந்தாள். சேலையெல்லாம் செம்மண். பேச்சியக்காவுக்குக் காலில் ஸ்கேன் எடுத்ததில் தொடைவரை ரத்தம் கட்டியிருந்ததாம், ஒரு சின்னத் துண்டு நுரையீரலுக்கும் போயிருந்ததாம். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு ஐசியூவில் வைத்திருக்கிறார்கள் என்றாள். பெரிய துண்டாக இருந்திருந்தால் தோட்டத்திலேயே முடிந்திருக்கும் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் சாய்ந்துகொண்டாள். அங்கிருந்தபடியே கேட்டாள்.

"ரெண்டு வருஷமா எங்கிட்ட ஏங்க சொல்லல?"

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

வியாழக்கிழமை என் எண் ஆறிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் இறங்கியது. வலி மாத்திரையை நிறுத்தியதே பெரிய வைத்தியம் என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் கிட்னி சுருங்காமல் இருந்தது நல்ல அறிகுறியாம், சுருங்கியிருந்தால் பழைய நிலைக்குத் திரும்பியிருக்காது. மெஷின் தேவைப்படவில்லை. பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பிலிருந்த நீர் வடிந்ததும் கால் குச்சியாகத் தெரிந்தது. எண் இப்போது ஒன்றேமுக்கால். இதற்குக் கீழே வராமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இனிமேல் கிடையாது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

கால் வீங்கிய எல்லோரும் பயந்து ஓட வேண்டியதில்லை. தூரத்துப் பயணம் போய் வந்தால் வீங்கும், வெயில் காலத்தில் வீங்கும், சில பிரஷர் மாத்திரைகளே கணுக்காலை வீங்க வைக்கும். காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் இறங்கிவிடும். ஆனால் காலையில் எழும்போதும் வற்றாத வீக்கம், அழுத்தினால் குழி நிற்கிற வீக்கம், முகமும் சேர்ந்து தடிப்பது, சிறுநீர் குறைவது அல்லது நுரைப்பது, சில நாளில் எடை கிடுகிடுவென்று ஏறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள். மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், நான் நிற்கிற கடையாக இருந்தாலும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே போங்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சை அடைத்தாலோ வண்டியைக் கூப்பிடுங்கள், நடந்து போகாதீர்கள். கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கித் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இது ஜெயராணி எழுதச் சொன்னது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துப் பேச்சியக்காவைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அவர் வார்டு வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாப்பா. உம் பொண்டாட்டி மட்டும் வரலேன்னா நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன். எனக்கு உசுரு குடுத்த பிள்ள."

அதற்கு மேல் அவரைப் பேச விடக்கூடாது என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன். "அக்கா, கால் வீங்கி வந்தீங்களே, அன்னைக்கு நான் உங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும். தொட்டுக்கூடப் பாக்கல. தேய்க்கச் சொன்னேன். தேச்சதுனாலதான் அந்த ரத்தக் கட்டி நெஞ்சுக்குப் போயிருக்கும். தப்பு என்னோடது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"நீ சொன்னதுன்னுதான் வலியப் பொறுத்துக்கிட்டுத் தேச்சேன்" என்றார். "உசுரு போற வலி."

நான் தலை குனிந்து நின்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எது எப்பப் போடணும்னு படிச்சுச் சொல்லு. நர்ஸு சொன்னது மறந்துபோச்சு."

கையில் வாங்கும்போது பை கனமாகத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் படித்தேன். ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை, சத்து மாத்திரை, கேஸ் மாத்திரை. அடியில் ஒரு அட்டை கிடந்தது. வலி மாத்திரை. நாலு தீர்ந்திருந்தது.

"இது ஏதுக்கா?"

"அந்தப் பக்கத்துக் கடையில வாங்குனேன். முட்டி வலி தாங்கல."

ரத்தம் உறையாத மாத்திரையோடு இதைப் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் என்று சொன்னேன். அட்டையை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை.

"சரி, இதையும் வாங்கிட்ட. தைலமும் தேய்க்கக் கூடாதுங்கிற. நான் படுத்துட்டேன்னு பூவு பூக்காம இருக்குமா? குனிஞ்சுதான பறிக்கணும். வலிக்கு நான் என்ன செய்ய, நீயே சொல்லு."

இருபத்தைந்து வருடமாக இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதிலை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தவன் நான்.

"தெரியலக்கா" என்றேன். கடைக்கு வந்த யாரிடமும் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. "வெள்ளிக்கிழமை எனக்கு ரத்த டெஸ்டு. உங்களுக்கும் அன்னைக்குத்தான் வரச் சொல்லிருக்கு, சீட்டுல போட்டிருக்கு. சேந்தே போவோம். அந்த டாக்டரம்மாகிட்டயே கேப்போம்."

பேச்சியக்கா பையை என்னிடமிருந்து வாங்கி வாயைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.